நூற்று நாற்பத்தொன்றாம் எண்

மெர்வினின் கடப்பாரை ஒரு சாண் இறங்கியதும் டங்கென்று நின்றது. எடுத்து நாலு விரல் தள்ளிக் குத்தினான். அதே சத்தம். கல்லறைக் கல்லின் இந்தப் பக்கம் குத்தினான், அந்தப் பக்கம் குத்தினான், கடைசியில் மூச்சு வாங்கக் கடப்பாரையில் சாய்ந்து நின்றுகொண்டான். எண்பது வயதில் இதெல்லாம் வேண்டாத வேலை, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் வேறு யாரையும் தோண்ட விடமாட்டான். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பதினோரு மணிக்கு அந்தக் குழியில் ஒரு தாயின் சாம்பலை வைக்க வேண்டும். பாதிரியாருக்குச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து மண்டபத்தில் நான் ஸ்கோன்களையும் முட்டை சாண்ட்விச்சுகளையும் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, விரலிடுக்கில் மாவு ஒட்டியிருக்க, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தேன். டோலன்ஸ் கிரீக் முன்னோடிகள் கல்லறைத் தோட்டக் கமிட்டிக்கு மெர்வின் தலைவர், நான் செயலாளர். ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை.

மெர்வின் குனிந்து விரலால் மண்ணைத் தள்ளினான். வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாறை தெரிந்தது. இன்னும் தள்ளத் தள்ளப் பாய் விரித்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் வேலிக்குக் கால் நட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாறையைத் தெரியும். அந்த இடத்தில் அதை யாரும் எந்தக் காலத்திலும் உடைத்திருக்கவில்லை. உடைத்திருந்தால் துண்டு துண்டாகக் கிடக்கும். அந்த ஒரு சாண் மண்ணில் ஒரு கோழியைக்கூட ஒழுங்காகப் புதைக்க முடியாது.

ஆனால் அதன் தலைமாட்டில் ஒரு சின்னக் கல் நின்றது. டெஸ்மண்ட் லாரிமர், இரண்டு வயது, 1941. கீழே, 'எங்கள் டெஸ்ஸி.' பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அக்கா டோரீன் நட்ட கல் அது. இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான்.

"இங்க யாரும் இல்ல, க்ளெனிஸ்," என்றான் மெர்வின்.

"தெரியுது."

"நீதான காட்டின? வேலியிலேர்ந்து அடி எண்ணிக்கிட்டே வந்து, இங்கதான்னு நின்னியே. நானும் கூட இருந்தேனே."

நான் கையிலிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது. எழுபத்தொரு வயதில் ஒரு மனுஷிக்குக் காது சுடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்தக் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதியவளும் நானே. இருபத்துநாலு பக்கம், அட்டையில் வாசல் இரும்புக்கதவின் படம். மண்டபத்தில் டீக் கெண்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. முதலில் புதைக்கப்பட்டவர் 1869இல் தான் வெட்டிய கிணற்றிலேயே தவறி விழுந்த கிணறு வெட்டி. இரண்டாவது, அவரைத் தூக்கிவந்த மாட்டுவண்டிக்காரர், மூன்றே மாதத்தில். பிறகு தொண்டை அடைப்பான் வந்த ஒரு குளிர்காலத்தில் ஒரே தெருவில் ஏழு குழந்தைகள். இதையெல்லாம் நான் உருக்கமாகவே எழுதியிருக்கிறேன், வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவர்கள் உண்டு. வசதி இருந்தவர்கள் சலவைக்கல் நிறுத்தினார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் கல் என்னைவிட உயரம். மற்றவர்களுக்கு ஊராட்சி ஆளுக்கு ஓர் இரும்பு முளை கொடுத்தது. முழ நீளம், தலையில் பிஸ்கெட் அளவு வட்டத் தகடு, அதில் வார்த்த எண். பதிவேட்டில் எண்ணும் பெயரும் இருக்கும். எந்த எண் எங்கே என்பதற்கு முளை மட்டும்தான் சாட்சி, ஏனென்றால் வரைபடம் எதுவும் கிடையாது. வரிசையும் கிடையாது. பாறை எங்கே இடம் விட்டதோ அங்கே தோண்டிப் புதைத்தார்கள். அந்தக் காலத்து எழுத்தருக்கு ஒரு வரைபடம் போட உடம்பு வணங்கவில்லை என்று எட்டாம் பக்கத்தில் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு வாய் பாருங்கள்!

பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. '1974ஆம் ஆண்டு வெள்ளத்தில் எண் முளைகள் நூற்று நாற்பத்து நான்கும் அடித்துச் செல்லப்பட்டன.'

வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் அது முளையைக் கொண்டுபோகவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே நாங்கள் பிடுங்கிவிட்டோம்.

அந்த வருஷம் அழகான ஊர் போட்டியில் டோலன்ஸ் கிரீக்கும் பெயர் கொடுத்திருந்தது. நடுவர்கள் வருவதற்குள் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டியாக வேண்டும். புல்லுக்குள் மறைந்திருந்த முளைகள் புல்வெட்டியின் தகடுகளை ஒவ்வொன்றாகப் பதம் பார்த்தன. மூன்றாவது தகடு உடைந்ததும், போட்டி முடிகிற வரைக்கும் எல்லாவற்றையும் பிடுங்கி வைப்போம், அப்புறம் அப்படியே நட்டுவிடலாம் என்று மெர்வின் சொன்னான். என் கணவர் ராய் சரி என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ராயும் மெர்வினும் கடப்பாரையால் நெம்பி எடுக்க, பள்ளிக்கூட நோட்டும் பென்சிலுமாக நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு முளைக்கும் கிழக்கு வேலியிலிருந்து இத்தனை அடி, வடக்கு வேலியிலிருந்து இத்தனை அடி என்று நடந்து எண்ணி எழுத வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

முப்பது வரைக்கும் எழுதினேன். காற்று நோட்டைப் புரட்டியது, ஈ மொய்த்தது. அன்று சாயங்காலம் மண்டபத்தில் நடனம் இருந்தது, எனக்குத் தலைமுடியைச் சுருட்டி வைக்க வேண்டும். சுருட்டினால் காய மூன்று மணி நேரம் ஆகும். அவர்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். நான் நோட்டை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லை, மயக்கம் வந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. முடியைச் சுருட்டப் போனேன்.

"எல்லாம் எழுதிட்டியா?" என்று ராய் மண்டப வாசலில் கேட்டார். "எழுதிட்டேன்," என்றேன்.

போட்டியில் இரண்டாம் பரிசு. அந்தப் பித்தளைத் தகடு இன்றைக்கும் மண்டபச் சுவரில் இருக்கிறது. மே மாதம் ஓடை பெருகிக் கல்லறைத் தோட்டத்திலும் எங்கள் வீட்டு ஷெட்டிலும் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ராய் முளைகளைப் போட்டு வைத்திருந்த டிரம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நோட்டைக் கேட்டார். ஷெட்டில் வைத்திருந்தேன், வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது என்றேன். அப்போதும் நோட்டு சமையலறை இழுப்பறையில் இருந்தது. மறுநாள் அதை அடுப்பில் போட்டேன், எழுதியிருந்த முப்பதையும் சேர்த்து. ராய் என்னைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ, போ," என்று தோளைத் தட்டிவிட்டு டிரம்மைத் திரும்ப ஷெட்டுக்குள் உருட்டினார். ஆறு வருஷம் முன்னால் அவர் போய்ச் சேருகிற வரைக்கும் வெள்ளத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்த ஊராரும் நாளடைவில் வெள்ளம் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

பிறகு வெளியூர்களிலிருந்து ஆட்கள் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தாத்தாவின் தங்கை, அம்மாவின் மாமா என்று கையில் ஒரு பெயரோடு வருவார்கள். "இந்தப் பக்கம் எங்கயோ" என்று நான் கையை வீசிக் காட்டினால் அவர்கள் முகம் விழுந்துவிடும். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதனால் ஒருநாள் ஓர் இடத்தில் போய் நின்று, "இங்கதான்" என்றேன். அந்த அம்மாள் மண்டியிட்டு அழுதாள், என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இதுவரை ஆறு பேருக்குக் காட்டியிருக்கிறேன். டோரீனுக்கு நான் காட்டியது தைலமரத்து நிழல். வயதானவர், வந்தால் நிழலில் உட்காரலாமே என்று நினைத்தேன். என் தாராள மனசு அது.

டோரீன் வருஷாவருஷம் செப்டம்பரில் வந்தார். மடக்கு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். டெஸ்ஸிக்குப் பார்லி மிட்டாய் பிடிக்குமாம், கல்லின் மேல் ஒன்று வைப்பார். எனக்கும் ஒன்று கொடுப்பார். பதினோரு வருஷமும் வாங்கித் தின்றேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கூலி, மகனைப் புதைத்த மூன்றாம் வாரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அம்மாவால் திரும்பி வரவே முடியவில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா கையில் எஞ்சியது அந்த எண் மட்டும். கடைசிக் காலத்தில் தன் பெயரே மறந்துபோய், தாதி வந்து விலாசம் என்னவென்று கேட்டால் "நூத்தி நாப்பத்தொண்ணு" என்பாராம். என்னை டெஸ்ஸியோட வையுங்க என்றுதான் கேட்டிருக்கிறார். டோரீனின் தங்கை ஒத்துக்கொள்ளாததால் முப்பத்தைந்து வருஷமாகச் சாம்பல் அலமாரி மேலேயே இருந்தது. போன வருஷம் தங்கையும் போனபின் டோரீன் எனக்குக் கடிதம் போட்டார்.

இவ்வளவையும் மெர்வினிடம் நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். "நோட்டு நனையலயா?"

"இல்ல."

"எழுதவே இல்லயா?"

"முப்பது எழுதினேன்."

"நாப்பத்தொம்பது வருஷமா அந்த ஓடையைத் திட்டிக்கிட்டிருக்கேன் நான்," என்றான். "நீ எழுதினவ, ஞாபகத்துல வச்சுக் காட்டுறன்னுல்ல நெனச்சேன். ராய்க்காவது தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தபடி நின்றான். பிடுங்கலாம் என்று சொன்னவன் அவன்தானே, அவனுக்கும் உள்ளே ஏதோ இருந்திருக்கும். "சரி விடு," என்றான். "ரெண்டடி தள்ளித் தோண்டறேன். கல்லை நகத்தி வச்சிடலாம், அந்தம்மா கண்டா பிடிக்கப்போகுது? எல்லாம் ஒரே மண்ணு. எண்பத்தாறு வயசு மனுஷியை இப்பப் போய் அழ வைக்கணுமா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டடி தள்ளி மெர்வின் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். அது சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வெண்ணெய் மாதிரி, எப்போதோ தோண்டி மூடிய மண். அவன் பிடித்த பிடியை விடாமல் அப்படியே நின்றான். பிறகு மெல்ல, யாரையோ எழுப்பிவிடுவோம் என்று பயந்தவன்போல உருவினான்.

"இங்க ஆள் இருக்கு," என்றான்.

யார் என்பதைச் சொல்ல உலகத்தில் யாருமில்லை. கிணறு வெட்டியாக இருக்கலாம், அந்த ஏழு குழந்தைகளில் ஒன்றாக இருக்கலாம், டெஸ்ஸியாகக்கூட இருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் மேல் அந்தத் தாயை வைத்துவிட்டு நான் போய்க் கெண்டியில் டீ ஊற்ற வேண்டும். மெர்வின் காலால் மண்ணைத் தள்ளித் துளையை மூடினான். என்னால் முடியாது என்று அவன் சொல்வதற்கும் வாசலில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. டோரீன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

சாம்பல் இருந்த மரப்பெட்டி முன்சீட்டில் இருந்தது. பழைய நீலக் கம்பளிச் சட்டை சுற்றி, அதற்கு மேல் சீட் பெல்ட் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அம்மாவுக்கு வழியெல்லாம் ஒரே பேச்சு," என்றார். "குழி தயாரா க்ளெனிஸ்? சின்னதாப் போதும்னு சொல்லியிருந்தேனே."

 முன்னால் நடந்து போய்க் கல்லடியில் தெரிந்த பாறையைக் காட்டினேன். டோரீன் கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்து பார்த்தார். தடியின் நுனியால் பாறையைத் தட்டினார். ரயில்வேக்காரர் மகள், அவருக்குப் பாறையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப டெஸ்ஸி எங்க?"

"எனக்குத் தெரியாது," என்றேன். "எப்பவுமே தெரியாது. பதினோரு வருஷம் முன்னாடியும் தெரியாது. சும்மாதான் காட்டினேன், டோரீன்."

 அவர் கேட்பதற்கு முன்னால் நானே கொட்டித் தீர்த்தேன். போட்டி, முளை, நோட்டு, அடுப்பு, வெள்ளம், எல்லாம். மெர்வின் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பதோட ஏன் நிறுத்தின?" என்று கேட்டார் டோரீன்.

"அன்னிக்கு டான்ஸ் இருந்துச்சு. முடி சுருட்டப் போனேன்."

அவர் என் தலைமுடியைப் பார்த்தார். இப்போது வெள்ளையாக, குட்டையாக வெட்டியிருக்கிறேன். கையால் மறைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"டான்ஸ் நல்லா இருந்துச்சா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "இருந்துச்சு," என்றேன்.

"அம்மாவுக்கு அந்த நம்பர் மட்டும்தான் இருந்துச்சு," என்றார். குரல் உயரவே இல்லை. "பேரை மறந்தாங்க, எங்களை மறந்தாங்க, அதை மறக்கல. நான் வருஷா வருஷம் வந்து பாறைக்கு மிட்டாய் குடுத்திருக்கேன். நீ பக்கத்துல நின்னு பாத்திருக்க."

"ஆமா."

"வாங்கியும் தின்ன."

"ஆமா."

"முளையெல்லாம் எங்க?"

"எங்க வீட்டு ஷெட்ல."

"எடுத்துட்டு வரச் சொல்லு."

மெர்வின் அதற்குள் தன் வண்டியை நோக்கி நடந்துவிட்டான். அவன் திரும்பி வரும்போது பதினோரு மணிக்கு வரவேண்டியவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கோட்டும் தொப்பியுமாக, கையில் பூவோடு, சிலர் என் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. ஊரில் சாவு என்றால் யாரும் வராமல் இருப்பதில்லை, அது முப்பத்தைந்து வருஷப் பழைய சாவாக இருந்தாலும். மெர்வின் வாசலுக்கு உள்ளே புல்லில் டிரம்மைச் சாய்த்தான். துரு நிறத்தில் முளைகள் சடசடவென்று சரிந்தன. அரை நூற்றாண்டாக அவ்வளவு சத்தம் அந்தத் தோட்டத்தில் கேட்டிருக்காது. பாதிரியார் வேலிப் பக்கமாகவே நின்றுவிட்டார்.

தபால் நிலையத்து ஜாய்ஸ் என் புத்தகத்தை விரித்தபடி வந்தாள். "ஏன் க்ளெனிஸ், இதெல்லாம் வெள்ளத்துல போச்சுன்னுல்ல எழுதியிருக்க?"

"போகல," என்றேன். "நாங்க பிடுங்கினோம். எது எங்க இருந்துச்சுன்னு எழுதி வைக்க வேண்டியவ நான். எழுதல. எழுதிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவள் புத்தகத்தை மூடினாள். பின்னால் யாரோ இருமினார்கள். அங்கே நின்றவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், பாதிப் பேரின் கல்யாணத்துக்குக் கேக் செய்திருக்கிறேன். அன்று ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டோரீன் மடக்கு நாற்காலியைக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முளையாக எடுத்தார். எச்சில் தொட்ட கைக்குட்டையால் தகட்டைத் துடைத்து எண்ணைப் பார்ப்பார், கீழே வைப்பார். நான் உதவிக்குக் குனிந்தேன். "நீ தொடாத," என்றார். அதன்பிறகு எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமோ தெரியாது. ஒன்றைத் துடைத்தவர் மறுபடியும் துடைத்தார், மூன்றாம் முறையும் துடைத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

எழுந்து காருக்குப் போனார். சீட் பெல்ட்டைக் கழற்றி, கம்பளிச் சட்டையைப் பிரித்து, முளையைப் பெட்டியின் மேல் படுக்கவைத்துச் சட்டையின் கைகள் இரண்டையும் அதன் மேல் முடிச்சுப் போட்டார். மறுபடி பெல்ட்டை இழுத்து மாட்டினார். கைப்பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, ஒன்றை மட்டும் பெட்டி மேல் வைத்தார். மெர்வின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தான். அவர் அவன் கையை லேசாகத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. புழுதி அடங்கும்வரை எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாரோ, "டீ ஆறிடும்," என்றார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

நான் புல்லில் மண்டியிட்டேன். இருக்கிற ஒரே நல்ல பாவாடை, துரு பட்டால் போகாது. முதல் எண் முளையைத் தேடி எடுத்தேன். கிணறு வெட்டி. வேலியோரமாகப் புல்லின் மேல் வைத்தேன். பிறகு இரண்டு. எங்கே நடுவது என்று தெரியாதவற்றை வரிசையாகவாவது வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இருபது, முப்பது. முப்பதைத் தாண்டினேன். என் முதுகுக்குப் பின்னால் ஊர் நின்றுகொண்டிருந்தது. ஜாய்ஸ் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து, நான் வைக்க வைக்க ஒவ்வொரு பெயராக வாசிக்க ஆரம்பித்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. வேலி நீளத்துக்கும் வரிசை வளர்ந்து, மூலையில் திரும்பி, தைலமர நிழல் வரைக்கும் போயிற்று. நூற்று நாற்பதை வைத்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு முளை அளவுக்கு இடம் விட்டேன். ஜாய்ஸ், "டெஸ்மண்ட் லாரிமர்," என்று வாசித்தாள். நான் வெறும் புல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, நூற்று நாற்பத்திரண்டைத் தேடினேன்.